சாரலில் காயாத படகு

ஜூன் 8
பலகைகளைக் கம்பியால் தைத்தாயிற்று. பார்வைக்குப் படகு வடிவம் வந்துவிட்டது. இனி மூட்டுகளில் பசை, பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, வார்னிஷ்.

உமாவுக்கு பாங்கில் குவாஹாட்டி கிளைக்கு மாற்றல் உறுதி. ஆகஸ்ட் ஏழாம் தேதி சேர வேண்டும். குற்றாலத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று அரை மணி படகில் போன அன்று, "நமக்குன்னு ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்" என்றாள். போவதற்குள் அவளை இதில் உட்காரவைத்து இலஞ்சிக் குளத்தைச் சுற்றிவிட வேண்டும்.

"எப்ப முடியும்?" என்றாள். "பத்தே நாள்" என்றேன். ஊர்ச் சாலைக்கெல்லாம் எஸ்டிமேட் போடுகிற இன்ஜினியருக்கு இது தெரியாதா?

ஜூன் 17
சாரல் தொடங்கிவிட்டது. குளம் நிறையும். சந்தோஷம்.

ஜூன் 27
பசை காயவில்லை. தொட்டால் விரலோடு வருகிறது. இன்னும் பத்து நாள் என்றேன். "சாரல்ல அப்பளமே நமுத்துப் போவுது, இது எப்படிங்க காயும்?" என்றாள். உனக்கு ஒண்ணும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூலை 13
சுரண்டி எடுத்து மறுபடி பூசினேன். கொல்லை ஷெட்டில் பெரிய பல்புகளை எரியவிட்டிருக்கிறேன். ஈரம் போகிற வழியாக இல்லை. எஸ்டிமேட்டில் தேய்ப்புக்கு ஒரு நாள் என்று போட்டிருக்கிறேன் — ஒரு நாளா! எந்த தைரியத்தில் போட்டேன்?

உமா கேட்டாள். "அடுத்த வாரம்." ஒப்பந்தக்காரர்கள் இப்படிச் சொன்னால் நான் கத்துவேன்.

ஜூலை 28
குளம் நிறைந்து கிடக்கிறது. இப்படியே இறக்கிவிடலாமா? நடுவில் மூட்டு விட்டால்? அவளுக்கு நீச்சல் தெரியாதே. பயமா இருக்கு.

ஆகஸ்ட் 1
சொல்லிவிட்டேன். முடியாது, இன்னும் ஆறு மாதமாவது ஆகும்.

திட்டுவாள் என்று நினைத்தேன். ஷெட்டுக்கு வந்து பலகையைத் தடவிப் பார்த்தாள். "முதல்லயே ஆறு மாசம்னு சொல்லியிருந்தா நானும் சாயங்காலம் வந்து தேச்சிருப்பேன்லா. பத்து நாளு, பத்து நாளுன்னு சொல்லி என்னைய வாசல்லயே நிக்க வச்சிட்டியளே."

 

ஆகஸ்ட் 3
ரயிலேற்றிவிட்டு வந்தேன். ஷெட் பக்கம் போகவில்லை.

மார்ச் 16
வெயிலில் பசை கல்லாக இறுகிவிட்டது. இப்போது குளத்தில்தான் தண்ணீர் இல்லை.

உமா போன் செய்தாள். மே பாதியில் வருகிறாள், ஒரு மாத லீவு. "சாரலுக்கு முந்தி முடிஞ்சிருமா?" என்றாள். வாய் வரை வந்த தேதியை விழுங்கினேன். "தெரியல உமா. நீ வந்து தேச்சாத்தான் தெரியும்."

 "உப்புத்தாள் நெறைய வாங்கி வைங்க" என்றாள்.

வலது பக்கம் தேய்த்து முடித்துவிட்டேன். இடது பக்கம் அப்படியே இருக்கிறது. நான் தொடப்போவதில்லை.