கிரின் என்றொரு பெயர்

நவம்பர் 18

கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். முற்றம் முழுக்க உப்பில் ஊறிய முட்டைக்கோஸ். உதவிக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரி என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். நானும் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். யூலின். 'லின்' என்றால் ச்சீலின். புல் நோகாமல் நடக்கும் தெய்வ மிருகம். சீனாவில் அப்பா ஆசையாய் வைத்த பெயர்.

மாமியார் மிளகாய் விழுது அப்பிய கையை உயர்த்தினாள். "அது நம்ம கொரியப் பேச்சுல கிரின்! ஒட்டகச்சிவிங்கிக்கும் அதே பேருதான். அதான் கழுத்து இம்மாம் நீளம்! எம் மவன் பொண்ணு கட்டிட்டு வரல, மிருகக்காட்சி சாலையிலேருந்து புடிச்சிட்டு வந்திருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். கிசொக்கும். என் கணவன்தானே அவன்?

டிசம்பர் 2

என் பெயர் போய்விட்டது. "கிரின், தண்ணி." "கிரின், செருப்பு எங்க?"

டிசம்பர் 20

சந்தையில் தாவ். என்னைப்போல அவளும் வெளிநாட்டிலிருந்து, வியட்நாமிலிருந்து, இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். "எங்க ஊர்ல அதுக்குப் பேரு 'கீ லான்', அக்கா. புதுக் கடை திறந்தா அந்த வேஷம் கட்டி வந்து ஆடுவாங்க, அவ்ளோ ராசி. ஜப்பானுக்குப் போயிடாத, அங்கயும் கிரின்னா ஒட்டகச்சிவிங்கிதானாம்!"

சிரித்தேன். எத்தனை நாளாயிற்று.

பிப்ரவரி 10

கொரியப் புத்தாண்டு. உறவுக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். என் கிண்ணத்தில் சோறு இல்லை. ஒரு பிடி முள்ளங்கித் தழை. "கிரினுக்கு இதானே தீனி!"

கிசொக்கைப் பார்த்தேன். "அம்மா வெளையாட்டுக்குப் பண்றாங்க. ஒனக்கு மட்டும் ஏன் எல்லாம் குத்துது?"

எல்லோரும் பார்க்கக் கடைசி இலைவரை தின்றேன். ஏன் தின்றேன்?

ஏப்ரல் 6

கரு கலைந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் மாமியார் குரல்: "மிருகத்து வயித்துல மனுசக் குழந்தை தங்குமா?"

ஜூன் 15

மாமியார் வயலில் விழுந்துவிட்டாள். மூளையில் ரத்தக்கசிவாம். வலப்பக்கம் அசையவில்லை.

ஜூலை 3

வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. பேச்சு போய் ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம். சிலருக்கு அப்படி ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டு நிற்குமாம், டாக்டர் சொன்னார். தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான்.

கிசொக் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேரச் சொல்லும்மா" என்றான்.

"கிரின்."

அவன் அழுதான். நான் கஞ்சி கிளறப் போனேன்.

ஆகஸ்ட் 22

கிசொக் வேலைக்குப் போனபின் நானும் அவளும்தான். படுக்கை நனைந்தால் கூப்பிடுகிறாள்.

வாசற்படியிலேயே நின்றேன். "கிரினா? அப்படி யாரும் இங்க இல்லியே அத்த. எம் பேரு யூலின். சொல்லுங்க பாப்போம்."

வாயைக் கோணிக்கோணிப் பார்த்தாள். கண்ணில் நீர் முட்டியது.

"கிரின்."

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 14

நல்ல வெயில். முற்றத்தில் மிளகாய் காயப்போட்டேன். தாவ் கூடமாட உதவ வந்தாள். கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கினாள். "அக்கா, உள்ள கூப்பிடறாங்க. ரொம்ப நேரமா."

"என்னை இல்ல. யாரையோ" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இன்னொரு பாயை உதறி விரித்தேன்.