நாலுகிளி நூல் இப்போது அறுவதில்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பச்சைக்குழந்தையும் நலமாக இருந்தால் அதில் பாதி நலம் தானாக எங்களுக்கு வந்து சேர்ந்துவிடும். அப்பா ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வருகிற நாளில் சுருண்டு படுத்துவிடுகிறார், மற்ற நாளில் டிவி ரிமோட்டுக்கு என்னோடு சண்டை போடுகிறார், சண்டை போடுகிற நாள்தான் எனக்கு நிம்மதி.

நாலுகிளி நூல் உனக்கு ஞாபகம் இருக்கும், மிஷினில் கோத்து ஒரு காலர் தைத்து முடிப்பதற்குள் அறுந்துவிடும், துவைத்தால் சாயம் விட்டு வெள்ளைச் சட்டையை நாசம் பண்ணும். எதிலும் பாதியில் கம்பி நீட்டுகிற உன் சித்தப்பாவுக்கு நாம் நாலுகிளி என்று பட்டம் வைத்ததே அதனால்தானே. இப்போது நூல்கடைக்காரர் அதையே என் தலையில் கட்டிவிட்டார், கம்பெனி கைமாறிடுச்சுக்கா, இப்ப தரமா வருது, போட்டுப் பாருங்க என்கிறார். லேபிளை மட்டும் மாற்றி ஒட்டியிருப்பான் என்றுதான் நினைத்தேன். வெந்நீரில் ஊறவைத்தேன், வெள்ளைத் துணியில் தேய்த்தேன், ஜீன்ஸ் துணியை மடித்துத் தைத்து இரண்டு கையாலும் பிய்த்துப் பார்த்தேன், துணிதான் கிழிந்தது, தையல் அப்படியே நின்றது. சந்தோஷப்பட வேண்டியதுதானே, எனக்கு எரிச்சல்தான் வந்தது. முதலில் நல்லதைக் கொடுத்துப் பழக்கிவிட்டு, கடையில் வேறு நூலே இல்லாத காலத்தில் பழையபடி ஆரம்பிப்பான் என்று தோன்றுகிறது. பள்ளிச் சீருடையெல்லாம் இப்போது நாலுகிளியில்தான் தைக்கிறேன், ஆனால் அக்குளுக்கும் பாக்கெட்டுக்கும் மட்டும் வேறு நூல்.

இப்படிப்பட்டவளிடம் வந்துதான் உன் சித்தப்பா, அண்ணனுக்கு நான் ஒரு கிட்னி தரேன் அண்ணி என்றார். வீடு மாற்றிய அன்று கட்டிலைப் பாதிப் படியில் இறக்கிவைத்துவிட்டு டீ குடிக்கப் போய், அடுத்த வருஷம் கண்ணில் பட்ட மனிதர். அவன் ரொம்ப மாறிட்டான் என்கிறார் அப்பா, தம்பி என்றால் அவருக்கு எல்லாம் சரி. பரிசோதனையில் பொருந்திவிட்டது, டாக்டர் தேதியும் குறித்துவிட்டார், எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. அப்பாவைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்த பிறகு இவர் காலை வாரிவிட்டால்? நீ வேறு, அவர் வராட்டி நான் தரேம்மா, எனக்கும் டெஸ்ட்டுக்கு நாள் வாங்கிட்டேன் என்கிறாய். அதனால் ஒரு காரியம் செய்தேன், திட்டாதே. உன் சித்தப்பாவிடம் மட்டும் ஒரு வாரம் முந்தின தேதியைச் சொன்னேன், வருகிறாரா பார்க்கலாம் என்று.

வந்துவிட்டார். விடிந்தும் விடியாமலும் பையோடு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் நிற்கிறார். லாரி முதலாளி லீவு தரவில்லையாம், வேலையை விட்டுட்டு வந்துட்டேன், அண்ணன்கிட்ட சொல்லாதீங்க அண்ணி என்று மெதுவாகச் சொன்னார். டாக்டர் இப்போதுதான் தள்ளிவைத்தார் என்று நான் சமாளிப்பதற்குள், உள்ளேயிருந்து உன் அப்பா, முதல்லேர்ந்தே அடுத்த வாரம்தானடா என்று போட்டு உடைத்துவிட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சித்தப்பா என்னைப் பார்த்துச் சிரித்து, நூலு மாதிரி இழுத்துப் பாத்தீங்களா அண்ணி, நானா இருந்தா இன்னும் ரெண்டு தடவ இழுத்திருப்பேன் என்றார். இழுத்துப் பார்த்த நூலை நான் தைக்க எடுப்பதில்லை, நறுக்கிப் போட்டுவிடுவேன். மனிதரிடம் அப்படிச் செய்தது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

டெஸ்ட்டுக்கு வாங்கிய நாளை நீ ரத்து செய்துவிடு. பால்குடிப் பிள்ளைக்காரியை அறுக்கக் கொடுக்க என்னால் முடியாது. உன் சித்தப்பாவை முழுதாக நம்பிவிட்டேன் என்று எழுதவும் கை வரவில்லை. உன் அறையில்தான் தங்கியிருக்கிறார், துணி வெட்டும் மேஜையடியில் கிடக்கிற துண்டுகளைப் பெருக்கித் தருகிறார், அப்பாவுக்கு ரிமோட்டை விட்டுக்கொடுக்கிறார். அவர் துணிகளை உன் அலமாரியில் நானே அடுக்கிவிட்டு, காலிப் பையை மட்டும் என் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கிறேன். அது அவருக்குத் தெரியும். இதுவரை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

குழந்தையைத் தூக்கும்போது கழுத்தில் கை கொடு. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சித்தப்பாவிடமும் இரண்டு வார்த்தை பேசு, நான் தேதியை மாற்றிச் சொன்னது உனக்குத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருங்கள்.

எப்போதும் உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா