காசிக்கு ரெண்டு பேர்

நவம்பர் 12, திங்கள்

காலையிலிருந்து மழை. நான் வேலை பார்க்கும் யூனிட்டில் அகல் விளக்கு எதுவும் காயவில்லை. கார்த்திகை ஆர்டர் தலைக்கு மேல். இருக்கிற ஃபேனையெல்லாம் விளக்குப் பக்கம் திருப்பிவிட்டுப் போய்விட்டார் முதலாளி. களிமண்ணுக்குக் காற்று, எங்களுக்கு வேர்வை.

குடைக் கம்பி போச்சு. பஸ் ஸ்டாண்டில் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்.

அவர் இந்த மாசக் கடைசியில் வருகிறார். சவூதியிலிருந்து ரெண்டு மாச லீவு. போன லீவு எங்கே போனதென்று யோசித்தேன். ஒரு கல்யாணம், ஒரு சுன்னத், வெள்ளையடிப்பு, நாகூர். நாகூருக்கு வேன். வேன் கொள்ளாத சனம். அவர் டிரைவர் பக்கத்தில், நான் கடைசி சீட்டில், வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்குக் கவர் பிடித்துக்கொண்டு. தர்கா வாசலில் ஒருதரம் கண்ணில் பட்டார். “சாப்டியா?” “சாப்டேங்க.” அதுதான் எங்கள் டூர்.

இந்தத் தடவை எனக்கு ஒரு வாரம் வேண்டும். அவரும் நானும் மட்டும். எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்.

நவம்பர் 13, செவ்வாய்

மழை விட்டுவிட்டுப் பெய்தது.

அஜ்மீர் தர்காவுக்குப் போகலாமா என்று காலையில் பேச்செடுத்தேன். புத்தி கெட்டவள். மாமி, அவருடைய அம்மா, மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். அரிவாள்மணையை விட்டு எழுந்தேவிட்டார்.

“மாஷா அல்லாஹ்! நல்ல நெனப்பும்மா. நானும் வரேன்.”

ஷமீம் அங்கேதான் இருந்தாள். அவருடைய தங்கை. அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், பாதி நாள் இங்கேதான். “அப்ப நாங்களும்தான். அவரு, புள்ளைங்க, எங்க மாமியாரு... பாவம், அதுவும் எங்க போவுது?” சோறு பொங்குவதற்குள் ரயிலில் அரைப் பெட்டி நிரம்பிவிட்டது.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் வழக்கமே அதுதான். நல்ல இடத்துக்குக் கிளம்புகிறவர் “நீங்களும் வாங்களேன்” என்று சொல்லியாக வேண்டும், கேட்டவர் வந்தாக வேண்டும். தனியாகப் போவது சோற்றை மூடி வைத்துக்கொண்டு தின்பது மாதிரி.

யூனிட்டில் செல்வியிடம் கொட்டினேன். என் பக்கத்து மணைதான் அவளுக்கு. ஊர் கருவேப்பிலங்குறிச்சி. இருவருக்கும் ஒரே வேலை, அச்சிலிருந்து வரும் விளக்கின் ஓரத்தைச் சீவி ஈர ஸ்பாஞ்சால் துடைப்பது. கை ஓய்ந்தாலும் அவள் வாய் ஓயாது.

“யாரும் கூட வராத ஊரா பாருங்கக்கா.”

“அப்புடி ஒரு ஊரா?”

“இருக்குதே. காசி! ஒங்க வூட்டாளுங்க ஒரு ஆளு வரமாட்டாங்க.”

சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த விளக்கின் மூக்கு உடைந்தது. “காசிய வுட ஒரு வீசமாவது ஒசத்தி நம்ம விருத்தாசலம்னு எங்க மாமனாரு சொல்லுவாரு. ஆனா இங்க ஒங்க நாத்தனா இருக்குதே.”

வேடிக்கையாகத்தான் சொன்னாள். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதே நினைப்பு. பழைய ஊர். ஆறு. படகு. ஏன் கூடாது?

நவம்பர் 14, புதன்

வெயில் அடித்தது. விளக்கெல்லாம் வெளியே.

சாயங்காலம் கடைவீதி ஜவுளிக்கடை பாயிடம் விசாரித்தேன். வருஷா வருஷம் பட்டு எடுக்கக் காசிக்குப் போகிறவர்.

“தாராளமா போலாம்மா. மதன்புரான்னு ஒரு பக்கம் இருக்குது. நெசவு பண்றது பூரா நம்மாளுங்க. தெருவுக்குத் தெரு பள்ளிவாசலு. ஹலால் கறி வேணும்னா அங்க கெடைக்கும். ஆத்துப் பக்கம் பூரா சைவம்தான், அதுலயும் நமக்கொண்ணும் பயமில்ல. ரூமு மட்டும் படித்துறையில எடுக்காதீங்க, சத்தம் தூங்க வுடாது.”

வீட்டுக்கு வந்து போட்ட திட்டம்:

மெட்ராஸிலிருந்து நேர் ரயில். ரூம் மதன்புராவில், ஜன்னல் உள்ளதாக.

முதல் நாள் தூக்கம். அவர் பிளேன் ஏறி, ஊர் சுற்றி, ரயில் ஏறி வருகிற மனுஷன்.

ரெண்டாம் நாள் விடிகாலை தொழுதுவிட்டுப் படகு. படகு மட்டும்.

மூன்று: ஒன்றுமில்லை.

நான்கு: நெசவு பார்ப்பது, அவருக்கு இஷ்டமிருந்தால்.

வெள்ளி: ஜும்ஆ தொழுகை. கறிச்சோறு.

மற்ற நாள்: ஒன்றுமில்லை.

எடுத்துப்போக: தொழுகைக்கு முசல்லா, பருப்புப்பொடி, ஊறுகாய், ஸ்வெட்டர் (அவரிடம் உண்டா? சவூதியில் எதற்கு ஸ்வெட்டர்), தலைவலித் தைலம்.

நஸ்ரினுக்கு அரைப் பரீட்சை. “நான் வரலம்மா. நீங்க போயிட்டு வாங்க” என்றாள். என் மகள் தங்கம். மாமியோடு இருந்துகொள்வாள்.

நவம்பர் 15, வியாழன்

இன்று சொன்னேன். பூகம்பம்.

மாமி: “காசியா? காசியில நமக்கென்னம்மா சோலி? மக்கா மதீனா பாத்த கண்ணுடி அவனுக்கு!”

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதினேன். பழைய ஊர் மாமி, பள்ளிவாசல் நிறைய இருக்குது மாமி, நம்மாளுங்கதான் அங்க பட்டு நெய்யிறாங்க மாமி...

ஷமீம் நிமிர்ந்து பார்த்தாள். “பட்டா? அங்கயே எடுத்தா பாதி வெலைதானே? அப்ப நானும் வரேன் மதினி. எங்க வூட்டுக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

பட்டு என்று சொன்ன வாயைத் தைக்க வேண்டும். மாமியும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். ரயில்ல படுத்துக்கிட்டே போலாமா, தண்ணி ஒத்துக்குமா என்று.

யூனிட்டில் மனசே இல்லை. செல்வி சொன்னாள், “காசிக்குப் போனா புடிச்சது ஒண்ண வுட்டுட்டு வரணும்க்கா. எங்க மாமியா பாவக்காய வுட்டுச்சி. அதுக்குப் பாவக்காயே புடிக்காது, அது வேற கத.” எங்களில் அதெல்லாம் கிடையாது என்றேன். “கெடக்கட்டும். அண்ணனுக்கு ரொம்பப் புடிச்சது எது? சும்மா சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை.

சட்டை அளவு தெரியும். செருப்பு அளவு தெரியும். லீவில் வந்தால் வீட்டில் விருந்துச் சமையல்தான், எல்லோருக்கும் போடுவது அவருக்கும். எதை விரும்பித் தின்கிறார் என்று உட்கார்ந்து பார்த்ததில்லை. “கறிதான், வேறென்ன” என்று சமாளித்தேன். ராத்திரிச் சமையலில் மாமியிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “சின்னப் புள்ளையில கொடுக்காப்புளின்னா உசுரு அவனுக்கு” என்றார். மாமிக்கும் அவ்வளவுதான் தெரிகிறது. பன்னிரண்டு வயசுப் பையனை மாமிக்குத் தெரியும். எனக்கு அதுகூட இல்லை. அடுப்பு முன்னாலேயே அழுதேன். வெங்காயம் இருந்தது, நல்லவேளை.

நவம்பர் 16, வெள்ளி

அவர் பேசுகிற நாள். எப்போதும் போல ஸ்பீக்கரில், எப்போதும் போல எல்லோரும் சுற்றி. மாமி முட்டிவலி சொன்னார். நஸ்ரின் மார்க் சொன்னாள். ஷமீம் முந்திக்கொண்டாள்.

“அண்ணே, மதினி காசிக்குப் போவணுங்குது.”

“காசிக்கா? எத்தினி பேரு?”

“நாங்க அஞ்சு, அம்மா, நீங்க...”

“ரெண்டு பேரு” என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். ஷமீம் வாயைத் திறந்தது திறந்தபடி. அவருக்குக் கேட்டதோ என்னவோ என்று இன்னொருதரம் சொன்னேன், “ரெண்டு பேருதாங்க. நீங்களும் நானும்.” எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது, ஆனால் ஓடவில்லை.

மாமி போனைப் பிடுங்கினார்.

“ஏன்டா, ஒம் பொண்டாட்டி ஒன்ன மட்டும் கூப்புடுறா. போறியா, இல்லியா?”

ஸ்பீக்கரில் அவர் குரல், “போறேம்மா.”

“அப்ப டிக்கெட்டு போடச் சொல்லு” என்று போனை என் கையில் திணித்துவிட்டுத் தண்ணி குடிக்கப் போய்விட்டார். காதில் வைப்பதற்குள் அவருடைய போன் கார்டு தீர்ந்து கட்டானது.

நவம்பர் 17, சனி

ஷமீம் வரவில்லை. சாயங்காலம் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள், பட்டு ஊதா நிறம், ஜரிகை அகலமாக. கோபம் போய்விட்டது என்று அர்த்தம்.

மாமி நாள் முழுக்க முனகல். “அஜ்மீருங்கிறா, காசிங்கிறா. புருசன் வேணும்னு வாயத் தொறந்து கேக்க எதுக்குடி ஊரு ஊரா சுத்துற?”

“மொதல்லயே கேட்டிருந்தா வுட்டிருப்பீங்களா மாமி?”

“மாட்டேன்தான்” என்றார். ரெண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான் மீனுக்குப் புளி கரைத்தேன், அவர் உப்புப் பார்த்தார்.

நவம்பர் 19, திங்கள்

தூறல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் விருத்தாசலம் ஜங்ஷன் போய் டிக்கெட் எடுத்தேன். கவுன்டர்காரர், “காசிக்கா? பாய் வீட்டம்மாவா?” என்று ஒருதரம் பார்த்தார். “ஆமாங்க, கீழ் பெர்த் ஒண்ணு குடுங்க” என்றேன். கிடைத்தது.

பையில் டிக்கெட்டை வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. வேண்டும் வேண்டும் என்று அடித்துக்கொண்டேனே, வாங்கிக்கொண்டு என்ன செய்வேன்? ஒரு வாரம். கூடத்தில் யாரும் இல்லை. சமையல் இல்லை. பிள்ளை இல்லை. என்ன பேசுவேன் அவரிடம்? “மூன்று: ஒன்றுமில்லை” என்று எழுதினவளுக்கு என்ன தைரியம்!

பேசாமல் ஷமீமையும் கூப்பிட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

நவம்பர் 20, செவ்வாய்

சூளை திறந்தார்கள். இந்தத் தடவை விரிசல் குறைவு. முதலாளி முகத்தில் பல்.

பத்தரை இருக்கும். யூனிட் போனுக்கு எனக்கு ஒரு கால் என்று கூப்பிட்டார்கள். அவசரத்துக்கு என்று கொடுத்து வைத்த நம்பர். இதுவரை அதில் எனக்கு ஒரு போனும் வந்ததில்லை. மாமிக்கு என்னவோ, நஸ்ரினுக்கு என்னவோ என்று களிமண் கையோடு ஓடினேன்.

அவர்.

“என்னங்க, என்னாச்சு?”

“ஒண்ணுமில்ல. வேலைக்குப் போறேன், பஸ்ஸுல இருக்கேன். வூட்டுக்குப் போட்டா எல்லாரும் இருப்பாங்க.”

“டிக்கெட்டு எடுத்துட்டேங்க. கீழ் பெர்த்து.”

“ம்.” பிறகு, “ஃபரீதா, ஒரு வாரம்... நான் அவ்வளவா பேசமாட்டேன். தெரியும்ல ஒனக்கு?”

செல்வி வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாதுங்க” என்றேன். “ஒங்களப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாது. அதுக்குத்தான் போறோம்.”

அவர் பக்கம் பஸ் இரைச்சல். அவர் போனை வைக்கவில்லை.