நீச்சல் தொட்டியை இறைத்த நாள்

20 மே 2006, சனி

இன்று இவர் வீட்டுக்குப் பின்னாலுள்ள நீச்சல் தொட்டியை முழுவதுமாக இறைத்துவிட்டார். நோர்வேயில், ஹவுகெட்டோவில் இந்த வீட்டை வாங்கிய பிறகு எங்களுக்கு இது முதல் கோடை. மூடியைக் கழற்றியதும் தண்ணீர் பச்சையாகக் கிடந்தது. "கிணறு மாதிரித்தான். இறைச்சுப்போட்டு உரஞ்சிக் கழுவினால் சரி" என்றார்.

பின்னேரம் பார்த்தால் தொட்டியின் அடித்தளம் மேலே கிளம்பி வெடித்திருந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் வந்து எட்டிப் பார்த்தார். நிலத்தடித் தண்ணீர் தள்ளியிருக்கிறது, தொட்டியை ஒருநாளும் வெறுமையாக விடக்கூடாது என்றார்.

அது எனக்குத் தெரியும். வீட்டை விற்றவர் விட்டுச்சென்ற தாளில் நோர்வேஜிய மொழியில் தெளிவாக எழுதியிருந்தது. இவருக்கு வாசித்துச் சொன்னபோது அந்த ஒரு வரியை விட்டுவிட்டேன். மகள் ஆரணிக்குப் பதினொரு வயது. அவள் பள்ளியில் நீந்தப் பழகியவள், தொட்டி திறந்திருந்தால் தனியாகவே இறங்கிவிடுவாள். மூழ்கினால் இறங்கித் தூக்க எங்கள் இருவருக்கும் நீச்சல் தெரியாது. ஏதாவது பழுதாகி இந்த வருடம் திறக்காமல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன். இப்படி வெடிக்கும் என்று நினைக்கவில்லை.

"அப்பா, இது கிணறில்லை! உங்களுக்கென்ன விசரே?" என்று ஆரணி அழுதுகொண்டே கத்தினாள்.

"ஓம் பிள்ளை, அப்பாவுக்கு விசர்தான்" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

இரவு சாப்பிடும்போது என்னிடம், "நீர் வடிவா வாசிச்சுத்தானே சொன்னனீர். நான்தான் கவனிக்கேல்லைப் போல" என்றார்.

இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ என்று கேட்டேன்.