கேட் ஓரத்து நான்கு தேனீப் பெட்டிகள்

ஜனவரி 20, திங்கள்

கேட் ஓரப் புல்தரையில் நான்கு தேனீப் பெட்டிகள். பக்கத்தில் ஆளுயரப் பலகை: ‘தேனீயே எங்கள் சாட்சி’. ஈயம் உருக்குகிற கம்பெனிக்குத் தேனீ சாட்சியாம்! புகைபோக்கிக்குப் பச்சை பெயின்ட் அடிக்கச் சொன்னதும் இதே மேனேஜர் மணிவேல்தான். யார் வந்தாலும் முதலில் பெட்டியைக் காட்டுவார், அப்புறம் காபி. புகை பக்கம் திரும்பவே விடமாட்டார். பதினோரு வருஷமாக லேபில் உட்கார்ந்து இந்தக் கூத்தைப் பார்க்கிறேன்.

ஜனவரி 21

விடிந்ததும் எங்கள் மாந்தோப்புக்கு மருந்து. பூ நன்றாக வந்திருக்கிறது, தத்துப்பூச்சியும். நான் கலக்கிக் கொடுக்க, வீட்டுக்காரர் அடித்தார். சாயங்காலம் அடிக்கலாம்தான் - ஷிஃப்ட் முடிந்து வந்தால் யாருக்குத் தெம்பு இருக்கிறது? தோப்புக்கும் கம்பெனிக்கும் நடுவே ஒரு மதில்தான். குளித்தும் குளிக்காமலும் ஓடினேன்.

ஜனவரி 22

பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடக்கின்றன. சில மட்டும் தரையில் ஒரே இடத்தில் சுற்றுகின்றன. மணிவேல் பதறியது பலகைக்காக.

“அடுத்த மாசம் சுற்றுச்சூழல் ஆடிட் இருக்கு, ஜெயமணி மேடம். பக்கத்துத் தோப்புக்காரங்க அடிச்ச மருந்துதான்னு ஒரு ரிப்போர்ட் குடுத்துடுங்க.”

ஆகா! புகை இங்கே, பழி விவசாயி தலையில். செத்ததை டப்பாவில் அள்ளி, பெங்களூரு லேபில் இருக்கும் சிநேகிதி சுசித்ராவுக்கு அனுப்பிவிட்டேன். மருந்து, ஈயம் இரண்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வரட்டும், அந்த ஆள் மூஞ்சியில் எறிகிறேன்.

ஜனவரி 27

புதுத் தேனீ வந்தாயிற்று. சாட்சியை மாற்றினால் வழக்கு முடிந்தது.

பிப்ரவரி 6

ரிப்போர்ட் வந்துவிட்டது, இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தில் ஈயம், நான் நினைத்ததைவிட அதிகம். துள்ளிக் குதித்திருக்க வேண்டும். முதல் பக்கம் விடவில்லை.

கொன்றது மருந்து. எந்த மருந்து? என் கையால் கலக்கியது. அதே பேர்.

மருந்து டப்பாவைத் தேடி எடுத்தேன். பூக்கும் சமயத்தில், தேனீ நடமாடும்போது தெளிக்கக் கூடாது என்று தமிழிலேயே போட்டிருக்கிறது. லேப்காரியாம் லேப்காரி! தூ.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “ஏம்மே, ஊரே அடிக்குது. நீயே போயி நம்ம பேரச் சொல்லுவியா?”

சொல்லாமல் விட்டால் நானும் இன்னொரு மணிவேல்தானே? பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 7

இரண்டு பக்கத்தையும் கொடுத்தேன். முதல் பக்கத்தின் அடியில் என் கையெழுத்தில்: ‘மருந்து அடித்தது எங்கள் தோப்பில். கலக்கியது நான்.’

மணிவேலுக்கு வாயெல்லாம் பல். “பெரிய மனசு மேடம் உங்களுக்கு!”

பிப்ரவரி 10

நோட்டீஸ் போர்டில் முதல் பக்கம் மட்டும். அதற்குக் கண்ணாடிச் சட்டம் வேறு! இன்னொரு பக்கம் எங்கே என்றேன்.

“அது எதுக்கு மேடம்? தேனீ செத்தது மருந்துலதானே?”

செத்தது மருந்தால். உயிரோடு இருந்தபோது சுமந்தது? அதே காற்றைத்தானே நானூறு பேர் மூக்கில் இழுக்கிறோம்?

பிப்ரவரி 12

ஆடிட். அவர்கள் வருவதற்குப் பத்து நிமிஷம் முன்னால், இரண்டாம் பக்கத்தின் நகலைப் பெட்டிப் பக்கத்துப் பலகையிலேயே ஒட்டினேன். ‘எங்கள் சாட்சி’ என்பதற்கு நேர் கீழே. அவசரத்தில் பசை வழிந்தது. வந்தவர்களில் ஒரு அம்மா நின்று இரண்டு தடவை படித்தார், போட்டோ எடுத்துக்கொண்டார். மணிவேல் காபி, காபி என்று கூவிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 13

கேட்டில் என் அட்டையை வைத்தேன். திறக்கவில்லை. செக்யூரிட்டி திம்மராயன் தரையைப் பார்த்துக்கொண்டே, “மேல இருந்து சொல்லிட்டாங்க மேடம்” என்றார். பலகையையும் காணோம்.

வீட்டுக்கு வந்தால், வீட்டுக்காரர் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டிக்கொண்டிருக்கிறார்.

“எறக்குங்க. பூ கொட்டட்டும். அப்புறமும் தேவைப்பட்டா, சாயங்காலமா அடிக்கலாம்.”

“சாயங்காலம் உனக்கு ஏதும்மே நேரம்?”

“இனிமே இருக்குது” என்றேன்.