பொன்னி அக்காவின் பொட்டு

நவம்பர் 4

கடை திறந்ததும் சாம்பிராணி. இப்போது அதற்குப் பின் மீட்டிங். முதலாளி பெரியவரின் மகன் வசந்த் சார் கடையை எடுத்துக்கொண்டு இரண்டு மாதம். எங்களைப் புடவை மெத்தையில் உட்கார வைத்து, தான் நின்றுகொண்டு பேசினார். "மாறாத கம்பெனி செத்த கம்பெனி. யார் வேணா ஐடியா சொல்லலாம். பயம் வேணாம்." கடைசி வரிசையில் இருந்த என்னைக் காட்டினார். "இவங்க பி.காம். வாயத் தொறக்க மாட்டாங்க, ஆனா எல்லாத்தையும் பாத்துக்கினே இருப்பாங்க." சிரித்தார்கள். காது சுட்டது.

நவம்பர் 11

பொன்னி அக்கா பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்கு வந்தாள். கணவர் வந்தவாசி ரோட்டில் பைக் விபத்தில் போய்விட்டார். நெற்றி வெறுமையாக இருந்தது. மாடியில் கல்யாணப் புடவைத் தளத்தில் பத்து வருடமாக அவள் இடம். உட்காரப் போனவளைத் தளத்து மேனேஜர் மாணிக்கவேல் அண்ணன் தடுத்தார்.

"கீழ போம்மா. ஜாக்கெட் பிட்டு பாத்துக்கோ. கல்யாணத்துக்கு எடுக்க வர்றவங்க மூஞ்சி சுளிப்பாங்க."

"எனக்கு மேல விட்டா வேற தெரியாதுண்ணா."

கீழே போனால் கமிஷன் இல்லை. வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார். வசந்த் சாரிடம் நாளை பேச வேண்டும். மாற்றம் மாற்றம் என்கிறவர் இதை மாற்ற மாட்டாரா?

நவம்பர் 12

பேசவில்லை.

நவம்பர் 25

கார்த்திகை முகூர்த்தம் வைத்துக்கொண்டு மாடியில் வியாபாரம் சரிந்துவிட்டது. ஏன் என்று சார் கேட்டார். என்னை எழுப்பி நிறுத்தினார்.

"பொன்னி அக்கா மேல இல்ல சார். வர்றவங்க புடவைக்கு முன்னாடி நெத்தியப் பாக்கறாங்கன்னு கீழ அனுப்பிட்டாங்க." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

சார் கைதட்டினார். "நெத்தி! இத்தன நாள்ல இப்பதான் ஒருத்தர் உண்மைய சொல்றீங்க."

அக்கா நாளை மேலே போகிறாள். அம்மாவிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்று தெருவெல்லாம் சொன்னவள், இன்று இனிப்புக்குச் சுழியம் சுட்டாள்.

நவம்பர் 26

மேலே போய்விட்டாள். ஆனால் மாடிப் பெண்களுக்கெல்லாம் புது யூனிஃபார்ம். மெரூன் ஸ்டிக்கர் பொட்டு, மல்லி, மெட்டி, கவரிங் தாலிச் சங்கிலி. அக்காவுக்கும்.

"எல்லாருக்கும் ஒண்ணும்மா. சமத்துவம்" என்றார் சார்.

பில் போடும் ஆஷிஃபா விடவில்லை. "எனக்கும் பொட்டா சார்?"

"உன் கைய மட்டும்தான் பாப்பாங்க. நீ தப்பிச்ச."

சிரித்தார்கள். நானும்.

அக்கா கண்ணாடி முன் நின்றாள். விரலில் ஒட்டிய பொட்டு நெற்றிக்கு ஏறவில்லை. "நீயே வெச்சுடு பாப்பா. நீதான சொன்ன." வைத்தேன். கோணலாகிவிட்டது. பிய்த்து மறுபடி வைத்தேன்.

டிசம்பர் 2

காலையில் பொட்டு, மெட்டி சரிபார்ப்பது இனி என் பொறுப்பு. சம்பளம் கூடியிருக்கிறது. அம்மாவிடம் என்ன வேலை என்று சொல்லவில்லை.

டிசம்பர் 9

விற்பனையில் அக்காதான் முதல். இன்று ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, "மங்களமா இருக்கற, உன் கையாலயே எம்பொண்ணு தோள்ல போடும்மா" என்றாள். அக்கா போட்டாள். "நல்லா இரு கண்ணு" என்று பெண்ணின் கன்னத்தைத் தடவினாள்.

கடை விட்டதும் எல்லாவற்றையும் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, நெற்றியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகிறாள்.

டிசம்பர் 14

அந்த அம்மா திரும்பி வந்தாள். பிள்ளையார்பாளையத்தில் அக்கா தெருக்காரர் யாரோ சொல்லிவிட்டார்கள். புடவையை அக்காவின் முகத்தில் வீசினாள். "தாலியறுத்தவ கையால எம்பொண்ணுக்குக் கூறைப்புடவையா? பொட்டு வெச்சுக்கினு வேஷம் போடறியாடி?"

வசந்த் சார் கைகூப்பினார். "எங்களுக்கே தெரியாதும்மா. எங்களையும் ஏமாத்திட்டாங்க."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

பேசுடி. யூனிஃபார்ம்னு ஒரு வார்த்தை. நீதான வெச்ச— எல்லாரும் பாக்கறாங்களே, எப்பிடி—

தரையைப் பார்த்தேன்.

"கம்பெனி பொருள குடுத்துட்டுப் போம்மா" என்றார் மாணிக்கவேல் அண்ணன். அக்கா அங்கேயே சங்கிலியைக் கழற்றினாள். பதினாறாம் நாள் ஒரு தடவை. இன்று ஒரு தடவை.

டிசம்பர் 16

மீட்டிங். "தப்பு நடக்கும். சீக்கிரம் கத்துக்கற கம்பெனிதான் ஜெயிக்கும். இது திரும்ப நடக்காம இருக்க ஐடியா?"

யாரும் எழுப்பாமலே கை தூக்கினேன்.

ஜனவரி 6

மாடிக்கு ஆள் எடுக்கிறோம். என் ஐடியாவின்படி கேள்வி கேட்பதும் நான். கிருஷ்ணவேணி என்று ஒரு பெண். பெயர் சொல்லவே குரல் எழும்பவில்லை.

"சரிம்மா. வீட்டுக்காரர ஒரு தடவ கூட்டிக்கினு வா. நேர்ல பாத்துட்டுதான் எடுப்போம்."

சாயங்காலம் அவள் கணவர் வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நடுவில் இருமினார்.

எத்தனை நாளாக இந்த இருமல் என்று கேட்டேன்.