பெட்டியில் வந்த திராட்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

விஜய்பாண்டியின் வணக்கம். நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

நேற்று சார்ஜா கடையில் நம் கம்பத்துப் பன்னீர்த் திராட்சையைப் பார்த்ததும் ஒரு பெட்டி வாங்கிவிட்டேன். உப்புத் தண்ணீரில் மூன்று முறை அலசியும் வாயில் வைக்க மனம் வரவில்லை. “ஒங்க ஊருப் பழந்தானப்பா, தின்னா என்ன?” என்று அறையில் உடனிருக்கும் சண்முகராஜ் அண்ணன் பாதியைத் தின்றுவிட்டார். விற்கிற கொடிக்கெல்லாம் மருந்தடித்துவிட்டு, வீட்டுக்கென்று கிணற்றடியில் ஒரு கொடியை மட்டும் நாம் அடிக்காமல் விடுவதை அவரிடம் எப்படிச் சொல்ல? மீதியை நானும் தின்றேன்.

அந்தக் கொடியை இந்த வருடமும் அப்படியே விடுங்கள். லீவு கிடைக்குமா தெரியவில்லை. யாராவது வந்தால் இட்லிப்பொடி கொடுத்துவிடுங்கள்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. நாம் லாரியில் ஏற்றிவிட்ட பெட்டிகளை யார் தின்பார்கள் என்று ஒருநாளாவது யோசித்தோமா, அப்பா?